யாரும் படிக்க மாட்டார்கள் என்று எழுதிய வரி

1

வீட்டிலிருந்தே வேலை, அதுவும் பிரவுசருக்குள்ளேயே வேலை என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை. ஈரோட்டிலிருந்து வந்திருந்த சித்தி என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "நானும் இதுலதான் கண்ணு சீரியல் பாக்கறேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை இங்கே பூனாவை ஒட்டிய போசரியில் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலைக்குப் போகிறார், அது வேலை. இது ஏதோ பொழுதுபோக்கு.

ஆகவே ஊரில் இருப்பவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சரியாகச் சொல்கிறேனா தெரியவில்லை. என் மடிக்கணினியில் வேலைக்கான எந்த மென்பொருளும் கிடையாது. ஒரு முகவரியைத் திறந்தால், எங்கோ இருக்கும் பெரிய கணினி ஒன்றில் எனக்கென்று தடுத்துக் கொடுத்த ஓர் அறை திறக்கும். அதைக் கன்டெய்னர் என்பார்கள். செயலியை அங்கேயே எழுதி, அங்கேயே ஓட்டிப் பார்த்து, அங்கிருந்தே ஒரு பொத்தானை அழுத்தி உலகத்துக்கு அனுப்பிவிடலாம். அரை மணி நேரம் தொடாமல் விட்டால் அறை தானாக மூடிக்கொள்ளும். மறுபடி திறக்கும்போது ஒரே ஒரு கோப்புறையில் வைத்தது மட்டும் மிஞ்சியிருக்கும். மற்றதெல்லாம் கழுவித் துடைத்துவிட்ட தரை மாதிரி இருக்கும்.

குழந்தைக்காக வேலையை விட்ட பெண்களைத் திரும்ப எடுக்கும் திட்டம் ஒன்றில் என்னைச் சேர்த்திருந்தார்கள். ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம். பூனாவுக்கு வந்து நான்கு வருடம் சமையலறையிலேயே நின்றிருந்த எனக்கு அந்த ஆறு மாதம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரம் என்பது எவ்வளவு சிறியது என்று மூன்று வயதுக் குழந்தை உள்ளவர்களுக்குத் தெரியும்.

2

குழுவின் தலைவி சுதா, சென்னைக்காரர். பூனாவுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. முதல் நாள் அழைப்பில் அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்கு இருந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எல்லோரிடமும் அவர் ஆங்கிலத்தில் மிக மரியாதையாகப் பேசுவார். தமிழை என்னைத் திட்டுவதற்கு மட்டும் வைத்திருந்தார். அதையும் சிரித்த முகத்தோடு, கொஞ்சுகிற குரலில், எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும் அழைப்பில் செய்வார்.

"என்ன நித்யா, நீ பாப்பாவத் தூங்க வெச்சியா, இல்ல பாப்பா உன்னத் தூங்க வெச்சுதா?"

"இத நீ எழுதினியா, ஒன் பொண்ணு எழுதினாளா? அவ எழுதியிருந்தா சொல்லு, அவள வேலைக்கு எடுத்துக்கலாம்."

"ஆறு மாசம் முடியறதுக்குள்ள நீயா கெளம்பிட்டேன்னா கௌரவமா இருக்கும். நான் தள்ற மாதிரி வெச்சுக்காத, என்ன?"

மற்றவர்கள் புன்னகைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். மேலாளர் ஒரு முறை, நீங்கள் இருவரும் உங்கள் மொழியில் பேசுவதைக் கேட்டால் ஊரிலிருக்கும் தன் அக்காக்கள் ஞாபகம் வருகிறது என்றார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும்.

என் அறைக்குள் சுதா எப்போது வேண்டுமானாலும் வரலாம். நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் வரிக்குப் பக்கத்தில் அவர் பெயர் தாங்கிய பச்சைக் கோடு ஒன்று வந்து நின்று துடிக்கும். எதையும் திருத்தாது, எதையும் கேட்காது. வெறுமனே நிற்கும். நான் எழுதியதை அழித்துவிட்டு அதையே மறுபடி எழுதுவேன்.

3

இனியாவை விடும் காப்பகம் கோர்படி ரயில்வே கேட்டுக்கு எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை எல்லோரும் மாவ்ஷி என்பார்கள், மராத்தியில் சித்தி. இனியாவுக்கு இப்போது மாவ்ஷியின் மராத்திதான் வாயில் முதலில் வருகிறது. சாயங்காலம் நான் "வா கண்ணு" என்றால் "நகோ" என்பாள். வேண்டாம்.

காப்பக வாசலில் எனக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள் கஸ்தூரி. அவள் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அவள் இங்கேயே பிறந்து, மராத்திப் பள்ளியில் படித்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். மகள் ரியாவும் இனியாவும் ஒரே பாயில் தூங்குவார்கள்.

"எங்க மாலிக் ச்சுட்டியே குடுக்கமாட்றான்க்கா" என்று தன் முதலாளியைப் பற்றிச் சொல்வாள். "மத்லப், சாவு வந்தாத்தான் லீவு. அதுவும் என் சாவு."

எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் வராத நாளில் வாசல் வெறிச்சென்று இருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து அவள் பேசுவதைக் கணவர் சரவணனிடம் நடித்துக் காட்டியும் இருக்கிறேன். அவர் சிரித்தால் இன்னும் கொஞ்சம் நடிப்பேன். மூன்று தலைமுறை இந்தி தின்ற தமிழ் என்று நான் சொன்னது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

4

காப்பகத்தை நடத்துபவர் மீனல் மேடம். அவருக்கு இன்னும் இரண்டு கிளைகள் உண்டு. பிள்ளைகள் சாப்பிட்டார்களா, தூங்கினார்களா என்று பெற்றோரின் கைபேசிக்குச் செய்தி அனுப்ப ஒரு செயலி வேண்டுமென்று அவர் சொன்னபோது, எங்கள் நிறுவனத்தைக் கைகாட்டியவள் நான்தான். வேலையும் என்னிடமே வந்தது. இது ஒழுங்காக வெளியே போனால் உன்னை நிரந்தரமாக்குவதில் எனக்குத் தடையில்லை என்று சுதா ஆங்கிலத்தில், எல்லோர் முன்னாலும் சொன்னார்.

மூன்று கிளைப் பிள்ளைகளின் பெயர்களையும் பெற்றோரின் கைபேசி எண்களையும் முதலிலேயே ஏற்றியிருந்தோம். செயலியில் குடும்பப்பெயர் கட்டாயம். மகாராஷ்டிரத்தில் எந்தப் படிவத்திலும் அப்படித்தான். இன்ஷியலை வைத்துக்கொண்டு நாங்கள் இங்கே படாத பாடில்லை. வாடகை ஒப்பந்தத்தில் என் கணவர் பெயர் என் மாமனாருக்கும் மாமனார் பெயர் என் கணவருக்கும் போய், காவல் நிலையத்தில் போய் நான் யாருடைய மனைவி என்று விளக்கியிருக்கிறேன். அதனால் இனியாவின் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். செயலி ஏற்றுக்கொண்டது. ரியாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை, அவர்கள் எப்போதோ ஊரோடு ஒத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எந்தச் செய்தியில் என்ன வாசகம் என்று மீனல் மேடம் இன்னும் எழுதித் தரவில்லை. அந்த இடங்களை நான் ஏதாவது போட்டு நிரப்பி ஓட்டிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் 'டெஸ்ட் டெஸ்ட்' என்று எழுதுவார்கள். நான் தமிழில் எழுதினேன். முதலில் "சாப்பிட்டாள்", "தூங்குகிறாள்" என்றுதான். ஒரு நாள் கூட்டிவரப் போனபோது இனியா திரும்பிப் பார்க்காமல் மாவ்ஷியின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். மறுநாள் அந்த இடத்தில் "இன்று அம்மாவைக் கேட்கவே இல்லை" என்று எழுதினேன். எழுதியதும் கொஞ்சம் லேசாக இருந்தது. பிறகு அது பழக்கமாகிவிட்டது. பகலெல்லாம் எனக்குள் ஓடும் பயங்களை அந்த இடங்களில் போட்டேன். சிவப்பு நிறத்தில் வரும் அவசரச் செய்திக்கு, குழந்தையின் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்படி வைத்து, பக்கத்தில் இப்படி எழுதினேன்: "காணவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம். உடனே வரவும்."

சுதா படித்தால் என்ன என்று தோன்றாமலில்லை. அவர் தமிழ் எழுத்தை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார் என்பதும் தெரியும். வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

5

அன்று காலை வேலை தொடங்கியபோது, இது வெறும் ஒத்திகை, செய்தி எதுவும் வெளியே போகக் கூடாது என்று சொல்லும் ஒரு வரியைக் கையால் தட்டிவைத்தேன். அறை மூடினாலும் மிஞ்சும் அந்தக் கோப்புறைக்குள் அதை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். நாளை வைக்கலாம், நாளை வைக்கலாம் என்று ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டிருந்தேன்.

முற்பகலில் மாவ்ஷி அழைத்தாள். இனியா வாந்தி எடுத்துவிட்டாள். போய்க் கூட்டிவந்து, முகம் கழுவி, சட்டை மாற்றி உட்காரவைத்துவிட்டுத் திரும்பியபோது அறை மூடியிருந்தது. திறந்தேன். தரை துடைத்திருந்தது. நான் தட்டிவைத்த வரி போயிருந்தது. அந்த வரி இல்லாவிட்டால் ஒத்திகையாகவே இருக்க வேண்டும் என்றுதான் யாரும் அமைப்பார்கள். சுதா நேர்மாறாக அமைத்திருந்தார். வரி இல்லாவிட்டால் எல்லாம் நிஜம்.

நான் கவனிக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். அவசரச் செய்தி சிவப்பாக வருகிறதா என்று பார்க்கப் பொத்தானை அழுத்தினேன்.

என் கைபேசி சிணுங்கியது. "Iniya காணவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம். உடனே வரவும்." இனியா எதிரில் உட்கார்ந்து ரஸ்க்கைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று கிளைகளிலும் உள்ள எல்லாப் பெற்றோருக்கும் அவரவர் பிள்ளையின் பெயரோடு அது போயிருந்தது. எனக்கு முதலில் தோன்றியது என்னவென்று சொல்லிவிடுகிறேன்: நல்லவேளை, தமிழில் இருக்கிறது. அப்படித்தான் ஆயிற்று. பெற்றோர் குழுவில் ஒருவர் இது கன்னடமா என்று கேட்டார். இன்னொருவர் வைரஸ், தொடாதீர்கள் என்றார். ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டார்.

கஸ்தூரியின் கதையை மறுநாள் காலை மாவ்ஷி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு முதியவரின் கையில் ஊசி குத்தியிருந்தபோது அவள் கைபேசி சிவப்பாகியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். ஊசியை உருவிப் போட்டவள், கையில் கட்டிய ரப்பரை அவிழ்க்காமலே ஓடிவிட்டாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கி, குனிந்து நுழைந்து, தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவந்தாள். ரியா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை வாரி எடுத்துக்கொண்டு கஸ்தூரி போட்ட சத்தத்தில் பிள்ளைகள் எல்லாம் எழுந்து அழுதன. ஆய்வுக்கூடத்தில் அந்த முதியவர் மயங்கி விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டார். செய்தியில் அப்படித்தான் இருந்தது என்று காப்பகத்திலிருந்து எழுதி வாங்கிவந்தால் பார்க்கலாம், அதுவரை வராதே என்று முதலாளி அவளை அனுப்பிவிட்டார்.

6

மறுநாள் மதியம் மேலாளர் அழைப்பைக் கூட்டினார். மீனல் மேடமும் இருந்தார். அந்தச் செய்தியைப் பெரிதாகத் திரையில் போட்டார்கள். ஒரு தாய் இதைப் படித்துவிட்டு ரகளை செய்திருக்கிறாள், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று மேலாளர் கேட்டார். எழுதியவளைக் கேட்பது முறையாகாது என்று சுதாவைக் கேட்டார்.

சுதா முதல் தடவையாக அந்த வரிகளைப் படித்தார். கண் இடமிருந்து வலமாகப் போய் நின்றதைப் பார்த்தேன்.

"இது குழந்தைகள் பாட்டு" என்றார் ஆங்கிலத்தில். "ஒளிந்து விளையாடும்போது பாடுவது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நித்யா சும்மா இடத்தை நிரப்பப் போட்டிருக்கிறாள். தவறுதான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை."

மீனல் மேடம் மூச்சு விட்டார். அப்படியானால் அந்தப் பெண் தவறாகப் படித்திருக்கிறாள் என்றார். மராத்திப் பள்ளியில் படித்தவள், தமிழ் சரியாகத் தெரியாது என்று அவளே சொல்லியிருக்கிறாள் என்றார். மேலாளர் தலையாட்டினார்.

சுதா அதே சிரித்த முகத்தோடு என்னிடம் திரும்பினார்.

"நன்றியெல்லாம் வேணாம். ஒனக்காகப் பண்ணல. அத அப்படி செட் பண்ணி வெச்சது நானு, தோண்டினா எங்கிட்டதான் வந்து நிக்கும். இப்போ சிரி. எல்லாரும் பாக்கறாங்க. திங்கக்கெழம ஒன் பர்மனென்ட் லெட்டர் வந்துடும். அந்தப் பொம்பளைய நீ சமாளிச்சுக்கோ, பாட்டுன்னு சொல்லு. ஒன் வாயில வந்தா நம்புவா."

என்ன பேசிக்கொண்டீர்கள் என்று மேலாளர் ஆசையாகக் கேட்டார்.

"சமாதானப்படுத்தினேன்" என்றார் சுதா. நான் சிரித்தேன்.

7

அன்று சாயங்காலம் காப்பக வாசலில் கஸ்தூரி நின்றிருந்தாள். வேலை இல்லாததால் சீக்கிரம் வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எதிரே வந்தாள்.

"அக்கா, ஒன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன். நீ படிச்சவ. இத்த கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

கைபேசியை நீட்டினாள்.

"அந்த ஆபீஸ்ல ஒரு தமிழ் மேடம் கீதாம். அது பாட்டுன்னு சொல்ட்ச்சாம். கொழந்தைங்க பாட்டாம். மீனல் மேடம் சொல்லுது, ஒனக்கு ஒன் பாஷையே படிக்க வர்லேன்னு. எங்க வூட்டுக்காரரு, மூள கலங்கிட்ச்சாடீன்னு கேக்கறாரு. எங்கப்பா சண்டேல ஒக்காரவெச்சி அடிச்சி அடிச்சி சொல்லிக்குட்த்தாருக்கா. நான் மெதுவாத்தான் படிப்பேன். ஆனா 'காணவில்லை'ன்னா என்னான்னு எனக்குத் தெரியாதா?" நீட்டிய கைபேசியைத் தானே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "தெரியாதோ என்னவோ. இப்ப எனக்கே டவுட்டா கீது. நேத்துலேர்ந்து நூறு வாட்டி பாத்துட்டேன், எழுத்தே ஓடுது. நீ சொல்லு. பாட்டுன்னா பாட்டுன்னு சொல்லிடு. நான் வாய மூடிக்கினு பூட்றேன்."

கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து மீனல் மேடம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு ஞாயிறுதான் இருந்தது. பாட்டு என்று சொல்ல ஒரு சொல் போதும். அவள் அதற்குத் தயாராகவே நின்றிருந்தாள்.

நான் கைபேசியை வாங்கினேன். "ரியா காணவில்லை" என்று படித்தேன். "தேடிக்கொண்டிருக்கிறோம். உடனே வரவும்."

"பாட்டு இல்ல?"

"பாட்டு இல்லைங்க. நீங்க படிச்சது சரிதான்."

அவள் முகம் அப்படியே தளர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவோரம் நின்ற மாவ்ஷியிடம், "தேக்கா? மைனே பராபர் படா தா" என்றாள். பார்த்தாயா, நான் சரியாகத்தான் படித்தேன். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எந்தப் பாவிக்கா இத்த எழுதுனது?"

"நான்தானுங்க."

அவளுக்கு உடனே புரியவில்லை. நான் வேகவேகமாகச் சொன்னேன். செயலி செய்வது என் வேலை என்றேன். ஒத்திகைக்கு எழுதியது, என் இனியாவை நினைத்து எழுதியது, கைதவறிப் போய்விட்டது என்றேன். "தமிழ்ல எழுதினா இங்க யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சுட்டனுங்க" என்றேன்.

"ஏன், நான் இல்ல?"

நான் அவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"டெய்லி ஒன்னாண்டதான நின்னு பேசறேன். நான் ஆளா தெரியலையா ஒனக்கு?"

"அப்படி இல்லீங்க..."

"அப்படித்தான்." அவள் குரல் உயரவே இல்லை. "ஒனக்கும் ஒரு பொண்ணு கீது. அத்த மடியில வெச்சிக்கினு இத எழுதுன பாரு. நீ பெரிய படிப்புதான்."

என் முழங்கைக்கு மேலே பிடித்தாள். ரத்தம் எடுப்பவளின் பிடி, நரம்பு எங்கே இருக்கிறதென்று தெரிந்த பிடி. அப்படியே உள்ளே அழைத்துப்போய் மீனல் மேடம் முன்னால் நிறுத்தி, பாட்டு என்று சுதா சொன்ன பொய் வரை எல்லாவற்றையும் இந்தியில் சொல்லவைத்தாள். என் இந்தி தடுமாறிய இடங்களில் அவளே எடுத்துக்கொடுத்தாள்.

8

மீனல் மேடம் அப்போதே ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை வழக்கம்போல் அந்த முகவரியைத் திறந்தேன். அப்படி ஓர் அறை இல்லை என்று வந்தது. மறுபடி திறந்தேன். மறுபடியும் அதுவே. வேலை போனால் மேசையைக் காலி செய்வார்கள், கணினியைத் திருப்பிக் கேட்பார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். என்னிடம் திருப்பித் தர ஒன்றும் இல்லை. ஆறு மாதம் எழுதியதில் ஒரு வரிகூட என் கணினியில் இல்லை.

சுதா குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். அதில் கொஞ்சல் இல்லை, பக்கத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். "என்னையும் சேத்துப் போட்டுக் குடுத்துட்டேன்னு கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு வார்னிங், ஒனக்கு வேலையே போச்சு. யாருக்கு லாபம்னு ஒக்காந்து யோசி. நெறைய டைம் இருக்கும்."

சரவணன் சாப்பிட்டு முடித்தார். கை கழுவும்போது சொன்னார்: "படிச்சுக் காட்டச் சொன்னா உடனே படிச்சுக் காட்டிப்போடறதா? கண்ணாடி கொண்டாரலைன்னு ஒரு வார்த்தை வரலையா உன் வாயில?"

"நான் கண்ணாடி போடறதில்லீங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். அதுகூட வரலை."

கஸ்தூரிக்காவது நல்லது நடந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். மீனல் மேடம் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். முதலாளி படித்துப் பார்த்தார். சரியாகவே படித்திருந்தாலும் நோயாளியை அப்படி விட்டுப் போகலாமா என்று கேட்டார். அவள் இடத்தில் புதுப்பெண் ஒருத்தி ஏற்கெனவே ஊசி குத்திக்கொண்டிருந்தாளாம். பாட்டு என்று சொல்லியிருந்தால் இரண்டு வேலைகளில் ஒன்றாவது மிஞ்சியிருக்கும். இந்தக் கணக்கை நான் தினமும் போடுகிறேன். ஒரு நாள் நான் செய்தது சரி என்று வருகிறது, ஒரு நாள் சரவணன் சொல்வது சரி என்று வருகிறது.

சம்பளம் இல்லாத வீட்டில் பிள்ளையைக் காப்பகத்தில் விடத் தேவையில்லை. மாதக் கடைசியில் இனியாவின் மாற்றுத்துணிப் பையை வாங்கிக்கொண்டு வரப் போனேன். கஸ்தூரியும் ரியாவின் பையை வாங்க வந்திருந்தாள். பிள்ளைகள் இரண்டும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு, போக மாட்டோம் என்று மராத்தியில் அழுதார்கள். மாவ்ஷி பிரித்துவிடப் பார்த்தாள், முடியவில்லை.

"கஸ்தூரி" என்றேன். "ஞாயித்துக்கிழமைல ரியாவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. ரெண்டும் வெளையாடட்டும். நாமளும் பேசிட்டிருக்கலாம்."

அவள் ரியாவின் விரல்களை ஒவ்வொன்றாக இனியாவின் கையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவளுக்குக் கேட்கவில்லையோ என்று மாவ்ஷி அவள் தோளைத் தொட்டாள். உன்னிடம்தான் ஏதோ கேட்கிறாள், உங்கள் மொழிதானே என்றாள்.

கஸ்தூரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"நஹீ மாவ்ஷி" என்றாள். "முஜே தமிழ் நஹீ ஆதீ." எனக்குத் தமிழ் வராது.